கவுச்சி வந்த மத்தியானம்

போன வாரம் சென்னையில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்ததும் சர்வர் பையன், "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா சார்?" என்றான். "கவுச்சிதான்" என்று என் வாயில் வந்துவிட்டது. பையன் விழித்தான். கூட வந்த மகள், "மானத்த வாங்காதப்பா" என்று காலை மிதித்தாள்.

நீங்களே சொல்லுங்கள், அசைவம் என்பதெல்லாம் ஒரு பெயரா? சைவம் இல்லாதது, அவ்வளவுதான். புலால் புத்தகத்தோடு சரி. கவுச்சி அப்படியல்ல. பச்சை மீனும் கறியும் வீசுகிற வாடைக்குத்தான் முதலில் அந்தப் பெயர் என்பார்கள். போகப் போகச் சாப்பாட்டுக்கே அது பெயராகிவிட்டது. மூக்கு வைத்த பெயர்.

எனக்கு அது பழகியது மரக்காணம் உப்பளத்தில். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் மூட்டை எடை போடும் வேலை. மத்தியானம் கொட்டகையில் டப்பாக்களைத் திறந்தால் முதலில் மூக்குக்கு வருவது அனுமந்தை ஊரிலிருந்து வரும் செல்வி அக்காவின் குழம்புதான். உப்பு சுமக்கிறவள், புருஷன் கடலுக்குப் போகிறவர். என் தயிர்சாதத்தைப் பார்த்து, "ஏந்தம்பி, கவுச்சி இல்லாம சோறு எப்படித்தான் எறங்குது?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு துண்டு மீனைப் போட்டுவிடுவாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷக் கடைசியில் சுனாமி அவள் புருஷனைக் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் யாருமே மீனைத் தொடவில்லை. பிறகு ஒவ்வொரு டப்பாவாக வாடை திரும்பியது. அக்காவின் டப்பாவில் மட்டும் ரசமும் அப்பளமும்.

அவர்கள் வழக்கத்தில், சாவு விழுந்த வீட்டுக்கு, காரியம் முடிந்ததும் பெண்ணின் பிறந்த வீட்டார் கவுச்சி வாங்கி வந்து ஆக்கிப்போட வேண்டும். அதோடு துக்கம் கழிந்தது. அக்காவின் அண்ணன் மீன் பையோடு வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போனார்.

"மீனு உள்ள வந்தா, அவரு செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும் தம்பி. எங்கனா கரை ஏறியிருப்பாரு" என்றாள்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம் கொட்டகைக்குள் அந்தப் பழைய வாடை வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். சங்கரா மீன் குழம்பு.

"அண்ணன் நேத்து வந்துச்சு. உள்ள வான்னு சொல்லிட்டேன்."

வழக்கம்போல என் சோற்றில் ஒரு துண்டு வைத்தாள். குழம்பு அதே ருசிதான். எனக்குத்தான் இறங்கவில்லை.

கொட்டகையைப் பிரித்துவிட்டார்களாம். அக்கா எங்கே இருக்கிறாள் என்று சொல்ல ஆளில்லை. என் சோற்றில் கவுச்சி இல்லையே என்று எனக்காக வருத்தப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

சர்வர் பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"வெஜ்ஜே குடுப்பா" என்றேன்.