மூன்று பட்டன் போதும்

எங்கள் பட்டறையின் மூலையில் உட்கார்ந்து நான் சீட் உறை தைக்கிறேன். தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தால் யாரிடமும் பேச வேண்டாம், எல்லாவற்றையும் பார்க்கலாம். அப்படி நான் அதிகம் பார்த்தது என் அக்கா கணவரைத்தான். மாமா கார்களுக்கு ஒயரிங் செய்கிறவர்.

வேலை முடிந்ததும் அவர் சாவியைக் கொடுத்துவிட மாட்டார். வண்டிக்காரர் எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். குள்ளமான டீச்சரின் காரில், சீட்டை முன்னுக்கு இழுத்து, முழங்கால் இடிக்க இடிக்க ஓட்டினார். "வேஷம் கட்டக் கிளம்பிட்டாரு" என்பாள் அக்கா.

ஒருநாள் காலையில் டாக்ஸி ஓட்டும் பெண் ஒருவர் வந்தார். குளியலறையில் விழுந்ததில் எலும்பு முறிந்து, அவருக்கு இடது தோளில் தகடு வைத்திருந்தார்கள். கை பாதிக்கு மேல் எழாது. போன் பேசுவதும் ஸ்டீரியோ வழியாகத்தான்; அதுவரை கை எட்டாததால் கம்பெனியிலிருந்து வரும் அழைப்புகள் தவறிக்கொண்டே இருந்தன. அன்று மாலை நான்கு மணிக்குக் கம்பெனி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாராம். அழைப்பை எடுக்க முடியாவிட்டால் வேலை போய்விடும்.

புது மாடல் கார் ஒன்றின் ஸ்டியரிங்கில் இருந்த ஏழு பட்டன்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்.

"மூணு கடையில முடியாதுன்னுட்டாங்க, அண்ணே. பழைய வண்டிக்கு இது புரியாதாம்."

"புரிய வெப்போம். உக்காருங்கம்மா."

ஏழு பட்டனுக்கும் ஒரே ஒயர். ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர். மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்துத்தான் எந்தப் பட்டன் என்று ஸ்டீரியோ கண்டுபிடிக்கும். மாமா மீட்டரில் அளந்து அளந்து, பழைய ஸ்டீரியோவால் பிரித்தறிய முடிகிற அளவுகளுக்கு ரெசிஸ்டர்களை மாற்றிப் பற்றவைத்து, எந்த அளவு எந்தப் பட்டன் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தார். ஸ்டியரிங்குக்கு அடியில், ஹாரன் வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பு வளையம் சும்மா கிடந்தது; ஸ்டியரிங் சுற்றினாலும் உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்தும் அந்த வளையத்தில் ஒயரை இணைத்தார். இரண்டு மணிக்கு ஏழும் வேலை செய்தன. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதும்மா" என்று சொன்ன மாமா, என்னிடமிருந்து ஒரு துணிப்பட்டையை வாங்கி இடது கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

"வேலை நேரத்துல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற மனுசன இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அக்கா.

போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் செத்திருந்தது.

"தப்பு என்னுதுதாம்மா. நேரா நிக்கும்போது மட்டும் அளந்துட்டேன். வளைவுல 'எடு'ன்னு அமுக்குனா போனைக் கட் பண்ணுது."

தேய்ந்த வளையம் அது. ஸ்டியரிங் திரும்பும்போது மின்சாரத்தைத் தடுக்கும் அளவு கொஞ்சம் ஏறியது. எடுக்கும் பட்டனின் அளவும் துண்டிக்கும் பட்டனின் அளவும் அடுத்தடுத்து இருந்ததால் ஸ்டீரியோ குழம்பியது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

"இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இல்லையே, அண்ணே!"

வளையத்தைத் தேய்த்துத் துடைத்தார். கோளாறு கொஞ்சம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அந்தக் காருக்குப் புது வளையம் கிடைக்காது. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"பாட்டு மாத்துற பட்டன் வேணுமா?"

"எனக்குப் பாட்டா? போனை எடுக்கணும், வெக்கணும், சத்தம் கேக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப மூணு போதும். நாலைக் கழட்டிடுறேன். மூணோட அளவையும் தள்ளித் தள்ளி வெச்சா, கொஞ்சம் ஆடுனாலும் ஒண்ணு இன்னொண்ணு மேல ஏறாது."

பாதி வேலையில் நிமிர்ந்து, "ஸ்டீரியோவுக்கும் இந்த மூணை மட்டும் மறுபடி கத்துக் குடுக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி கையைக் கட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பார்த்தார். மூன்றே முக்காலுக்குத்தான் சாவியைக் கொடுத்தார்.

அதன்பிறகு ஒரு ஒயரைக்கூட அவர் தொடவில்லை. ஐந்து மணி வாக்கில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, வேலை தப்பிச்சுது! இப்பவும் வளைவுல திரும்பிக்கிட்டேதான் பேசுறேன்!"

"பேசாதீங்கம்மா, ரோட்டைப் பாருங்க" என்று மாமா போனை வைத்துவிட்டார். அதன்பிறகுதான் சிரித்தார்.