ஏழாவது சனிக்கிழமை

யோகம் அக்கா வீட்டிலிருந்து இறங்கி ஒஸ்லோவின் ஹொல்ம்லியா ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன். கோபத்தில் கையுறைகளை அவர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுக்க மனமில்லை. அறுபதை நெருங்கும் ஒருவன் ஒரு டிவி நாடகத்துக்காகக் கோபித்துக்கொண்டு, சாப்பிடக்கூட நிற்காமல் வெளியேறியது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் போகவில்லை.

அக்காவின் மகள் தர்ஷி இணையத்தில் எங்கோ தேடி அந்தப் பழைய ஆங்கில நாடகத்தைப் பிடித்துவிட்டாள். "மாமா, நீங்கள் எந்த நேரமும் சொல்லுற அந்த லோண்டரி நாடகம். முழுக்க இருக்கு, வாங்கோ" என்று போன் பண்ணினாள். முழுக்க என்றால் முடிவும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். இருந்தவை ஆறு பகுதிகள்தான். ஏழாவதை அவர்கள் எடுக்கவே இல்லையாம்.

"ஆக்கள் பாக்கேல்லையாம், நிப்பாட்டிட்டாங்களாம்" என்றாள் தர்ஷி.

"நாங்கள் பாத்தனாங்கள்தானே!" என்று கத்தினேன். யோகம் அக்கா சோபாவில் காலை நீட்டியபடி, "அதுக்கென்ன மனே இப்ப, விடு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை வெளியே அனுப்பியது.

வழியில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழறையிலிருந்து சூடான சவர்க்கார வாசனை வந்து முகத்தில் அடிக்கிறது. குளிருக்குள் அந்த வாசனை பட்டால் எனக்கு உடனே முதுகு உளையும். மூக்குக்கும் முதுகுக்கும் நடுவில் என்ன நரம்பு ஓடுகிறதோ தெரியாது. முப்பது வருடத்துக்கு முன் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஹோட்டல் விரிப்புகளையும் துவாய்களையும் கழுவிக் கொடுக்கும் ஒரு பெரிய லோண்டரியில் நான் தள்ளுவண்டி தள்ளினேன். ஊரில் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, கொழும்பு, மொஸ்கோ, வடநோர்வேயில் மீன் வெட்டும் ஆலை என்று சுற்றி, ஓரிடத்தில் ஒரு வருடம் நின்றாலே கால் அரிக்கிற ஆளாக அங்கே வந்து சேர்ந்திருந்தேன்.

அயன் பண்ணும் சூடான உருளைக்குள்ளிருந்து விரிப்புகள் ஓயாமல் வரும். பெண்கள் இரண்டு பக்கமும் நின்று பிடித்து மடிப்பார்கள். முன்பு மேசையோரம் உயரமான ஸ்டூல்கள் இருந்தனவாம். வண்டிகள் திரும்ப இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். "உன்ர வண்டிக்கு இருக்கிற மரியாதை எங்கட காலுக்கு இல்லை" என்று இந்திரா தினமும் ஒருதரம் சொல்லுவாள். மானிப்பாய்க்காரி. அவளோடு வாய் கொடுத்து மீண்டவரை நான் கண்டதில்லை.

யோகம் அக்கா மட்டக்களப்பு; என்னை 'மனே', மகனே என்றுதான் கூப்பிடுவார். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவர். நிலையான வேலை இருந்தால்தான் பிள்ளைகளைக் கூப்பிட அனுமதி கிடைக்கும். நின்று நின்று அவருடைய கால் நரம்புகள் கத்தரிக்காய் நிறத்தில் புடைத்திருந்தன. மத்தியானத்துக்குப் பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். நிற்க ஏலாது என்றால் வேலை போகும். வேலை போனால் பிள்ளைகள் வரமாட்டார்கள். நின்றால் கால் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன செய்வதென்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பனிக்காலத்தில்தான் சனிக்கிழமை மாலைகளில் நாடகம் வரத் தொடங்கியது. நூறு வருடத்துக்கு முந்திய லண்டன், ஒரு சலவைக்கூடம், நீளப் பாவாடையும் மரத்தொட்டியுமாகப் பெண்கள், மீசை வைத்த ஒரு முதலாளி. லோண்டரிக்குக் கிட்ட ரொம்மன் என்ற இடத்தில் அக்கா இருந்த அறையில் நாங்கள் ரோல்ஸும் தேத்தண்ணியுமாகக் கூடுவோம். எங்களுக்கு ஆங்கிலமும் தெரியாது. கீழே ஓடும் நோர்வேஜிய எழுத்தை இந்திரா வாசித்துத் தமிழில் சொல்லுவாள். டிவிக்குள் இருக்கும் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். நாங்கள் சிரிப்பதற்குள் அடுத்த பகிடி போய்விடும்.

"அந்தத் தடிச்ச மனிசி என்ன சொல்லுறா?"

"உங்கட மீசைக்கும் கஞ்சி போட்டு அயன் பண்ணித் தரட்டோ எண்டு முதலாளியைக் கேக்கிறா."

"பொய் சொல்லாத. அவ்வளவு எழுத்துக் கீழ வரேல்லை."

"மிச்சம் நான் போட்டது. விருப்பமெண்டால் கேள்."

ஆறாவது சனிக்கிழமை, நாடகத்துப் பெண்களும் உட்கார்ந்திருக்க ஒரு வாங்கு கேட்டார்கள். முதலாளி மாட்டேன் என்றான். அவர்கள் தொட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு எல்லோருமாக உட்கார்ந்தார்கள். முதலாளி கதவைத் திறந்தான். படம் அப்படியே நின்றது. முடிவுப் பாட்டு.

பிறகு யோகம் அக்கா, "இருந்திட்டாளுகள் கா" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்திரா ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வண்டி தள்ளுகிறவன் உட்கார என்ன இருக்கிறது, ஆனாலும் நானும் உட்கார்ந்தேன். கடைசியாக அக்கா, கண்ணைக் கதவில் வைத்தபடி. உருளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

மனேஜர் வந்தார். கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துத் தானும் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டார். இதற்கு நாங்கள் தயாரில்லை. கதவு திறக்கும் வரைக்கும்தானே எங்களுக்குக் கதை தெரியும்? இந்திரா, "திங்கட்கிழமை சொல்லுறம்" என்றாள். அவருக்கு நல்ல சந்தோசம். கூட்டம் வைப்பதென்றால் இந்த நாட்டவருக்கு அவ்வளவு விருப்பம்.

"ஏன் திங்கள்?" என்று அவளிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை அவளுகள் என்ன சொல்லுறாளுகள் எண்டு பாப்பம்."

ஏழாவது சனிக்கிழமை டிவியைப் போட்டால், யாரோ ஒருவன் பனிச்சறுக்குப் பலகையோடு மலையிலிருந்து பறந்துகொண்டிருந்தான். அவன் இறங்க அடுத்தவன் பறந்தான். அவன் இறங்க இன்னொருவன். "ஒருத்தன் விழுந்தாலாவது நிப்பாட்டுவாங்கள்" என்றாள் இந்திரா. ஒருவனும் விழவில்லை. ரோல்ஸ் ஆறிப்போனது. "அடுத்த கிழமை போடுவாங்க" என்றார் அக்கா. அடுத்த கிழமைக்கு முன்னால் திங்கட்கிழமை இருந்தது.

கூட்டத்தில் கோப்பியும் முந்திரிகை வத்தல் போட்ட பணிஸும் வைத்திருந்தார்கள். மனேஜர் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். இங்கே ஒருவருக்காக மற்றவர் பேசுவதில்லை. எங்கள் வளர்ப்பு வேறு. மேலே இருக்கிற ஒருவர் தன் கையால் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று முகம் பார்த்துக் கேட்டால், நல்லம் என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வராது. முதலாவது பெண் நல்லம் என்றாள். அடுத்தவளும் அப்படியே. அந்த இந்திராகூட, "நல்லம். கொஞ்சம் சூடு" என்றாள். என் முறை வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் இருந்த உடைந்த நோர்வேஜியத்தில், யோகம் அக்காவுக்குக் கால் ஏலாது, இருக்க ஸ்டூல் வேண்டும் என்று சொன்னேன்.

மனேஜர் அக்காவைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். அக்கா பணிஸைத் தட்டில் வைத்தார். "இல்லை. எனக்கு ஒண்டுமில்லை. நான் நல்லா நிப்பன்" என்றார்.

வெளியே வந்ததும், "ஏனக்கா?" என்று கேட்டேன்.

"கால் ஏலாதெண்டு அந்த மனிசன் எழுதிப்போட்டா என்ட புள்ளைகள் எப்படி வாற? நீ நல்லதுக்குத்தான் சொன்ன மனே. இனிச் சொல்லாத."

அவர் மேசைக்குப் போய் நின்றார். நான் வேலை உடுப்பைக் கழற்றி ஒரு வண்டிக்குள் போட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் இறங்கி நடந்தேன்.

அடுத்த கோடையில் பிள்ளைகள் வந்தார்கள். மூத்தவள்தான் தர்ஷி. அக்காவுக்கு இன்று படி ஏற முடியாது. இடது காலில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். ஆகவே அன்று அவர் செய்தது சரியா பிழையா என்று என்னால் சொல்ல ஏலவில்லை. எரிச்சல் அதுதான். கதவைத் திறந்தவனிடம் சொல்ல ஒரு வசனம் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அதை எழுதவேண்டியவன் பார்க்க ஆளில்லை என்று எழுதாமல் விட்டுவிட்டான்.

லோண்டரி இருந்த இடத்தில் இப்போது பால்கனி வைத்த வீடுகள் நிற்கின்றன. விரிப்புகள் லொறி ஏறி வேறெங்கோ போய்க் கழுவப்படுகின்றனவாம். இந்திரா லண்டன் போய்விட்டாள். ஒரு நாடகத்துக்காக ஒரு கிழமை காத்திருக்கிற ஆட்களும் இப்போது இல்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை எனக்கு ஒரு பஸ் டிப்போவில் வேலை கிடைத்தது. உப்பும் சேறும் ஒட்டிய பஸ்களைக் கழுவ வேண்டும். ஆளுக்கொரு பஸ், ஆளுக்கொரு தண்ணீர்க் குழாய். அந்த இரைச்சலில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. இப்போது அந்த வேலையையும் மெஷின்தான் செய்கிறது.