கதவில் எழுதிய பதினேழு

எங்கள் ரப்பர் தோட்டத்தில், வெட்டிச் சாய்க்கப்போகும் மரங்களுக்குத்தான் பெயின்டில் நம்பர் போடுவார்கள். அதனால் யட்டியாந்தோட்டை டவுனிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெரியவர் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக் கதவுகளில் நம்பர் எழுதத் தொடங்கியதும் நான் அவரிடம் ஓடினேன். லயத்தை இடிக்கப்போகிறார்களோ?

"எதுக்குங்க நம்பர்?"

"நான் முந்தி தபால்காரன், நங்கி," என்று தங்கையை அழைப்பதுபோல் சிங்களத்தில் அழைத்துச் சொன்னார். " நம்பர் இருந்தா கடிதம் நேரா வீட்டுக்கே வரும்."

நான் நம்பவில்லை. சொந்தக் காசில் பெயின்ட் வாங்கிக்கொண்டு யாராவது சும்மா மலையேறி வருவார்களா? அவர் தலை மறைந்ததும், பால்வெட்டும் கத்தியால் என் கதவிலிருந்த பதினேழைச் சுரண்டிவிட்டேன்.

அதுவரை எங்கள் கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஆபீசில்தான் கிடக்கும். என் மகளுக்கு வேலைக்காக வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம்கூட நாள் கடந்த பிறகுதான் கைக்கு வந்தது. அவள் என்னிடம் சொல்லாமல், பதினேழாம் இலக்கத்தைப் போட்டு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள்.

ஒருநாள் தபால்காரர் முதன்முறையாக லயத்துக்கே வந்தார். பதினாறிலும் பதினெட்டிலும் கடிதம் கொடுத்துவிட்டு, "பதினேழு எங்க?" என்று உரக்கக் கேட்டார்.

"இதுதாங்க," என்றேன். மகளின் புதிய நேர்முகக் கடிதத்தை என் கையில் தந்தார்.

தபால்காரர் சொல்லியிருப்பார்போல, மறுவாரம் அந்தப் பெரியவர் பெயின்ட் டின்னோடு திரும்பி வந்தார். கதவைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"ரப்பர் வெட்டுற கைதானே நங்கி, ஆழமாத்தான் வெட்டியிருக்கு."

அந்த வடுவின் மேலேயே பதினேழை எழுதினார்.

புதியவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் கத்தியை எடுக்குமுன் என் கதவை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.