தொண்ணூற்றொன்பது பேரோடு இருந்தவள்

கரண்டியக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது; அதற்கு வெளியே யாருக்கும் அது தேவைப்படவில்லை. முப்பது வருஷம் ஒரு துணி மில்லின் கேன்டீனில் சமைத்தவள். மில்லை இழுத்து மூடியதும், வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மருமகனோடு சண்டைதான் வரும் என்று தெரிந்து, மறுவாரமே பங்குக்கோயிலின் பின்கூடத்துக்கு வந்து கரண்டியைக் கையில் எடுத்தாள். பதினோரு வருஷமாக அதைக் கீழே வைக்கவில்லை.

திங்கள் முதல் சனி வரை மதியம் பன்னிரண்டரைக்குக் கூடம் திறக்கும். சாவி அக்காவின் இடுப்பில் இருக்கும். தெருவில் படுப்பவர்கள், வேலை போனவர்கள், வீட்டில் ஒட்டாதவர்கள் என்று எண்பது பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப், இரண்டு ரொட்டி. வரிசை கோணினால் அக்காவின் குரல் மணிக்கூண்டு வரை போகும். காரமெல்லாம் வாயோடு சரி. அண்டாவின் அடியைக் கிளறிக் காய்கறியோடு ஊற்றுவதில் ஆள் பார்க்கமாட்டாள். எல்லாரையும் அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் அவள் சாப்பிடுவது.

கூடத்துச் சுவரில் நல்ல ஆயன் படம் ஒன்று தொங்கியது. நூறு ஆடுகளில் காணாமல்போன ஒரு குட்டியைத் தேடிப் பிடித்து, ஆண்டவர் தோளில் தூக்கி வருகிறார். மற்ற ஆடுகளுக்கு முதுகு மட்டும்தான். தலையெல்லாம் சட்டத்துக்குள் போய்விட்டது. அந்தப் படத்தோடு அக்காவுக்கு ஒரு தீராத வழக்கு. பங்கு ஃபாதர் தங்கமான மனுஷர். ஆனால் யாராவது இரண்டு நாள் வராவிட்டால், பரிமாறுகிற நேரத்தில் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி தேடக் கிளம்பிவிடுவார். ஆளைக் கையோடு கூட்டி வரும்போது கூடமே கைதட்டும். அதுவரை எண்பது பேரையும் அடுப்பையும் ஒண்டியாகக் கட்டி மேய்த்தவளுக்கு யாரும் தட்டவில்லை.

"அந்த ஒரு ஆட்டைத் தேடிப் போனாரே, மத்த தொண்ணூத்தொம்பதும் அன்னிக்குச் சாப்பிட்டுச்சா ஃபாதர்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அது பைபிள்ல இல்லையேம்மா."

"எப்படி இருக்கும்? கூடவே இருந்தவளை யாரு எழுதுவா?"

வினை ஒரு சனிக்கிழமை வந்தது. தொப்பி என்று ஓர் ஆள். வெயிலோ மழையோ ஒரே கம்பளித் தொப்பிதான். ஐம்பது வயதிருக்கும். ஏதோ அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன் என்று கேள்வி. அதற்கு மேல் யாரிடமும் பேசமாட்டான். அன்று ரொட்டிக் கூடையைத் தாண்டும்போது தன் இரண்டோடு இன்னும் நாலை எடுத்துச் சட்டைக்குள் செருகினான். அக்கா பார்த்துவிட்டாள்.

"இது சாப்பிட வச்சது, மூட்டை கட்ட இல்ல! பின்னாடி நிக்கறவங்களுக்கு வயிறு இல்லையா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. தொப்பி சட்டைக்குள் கையை விட்டான். ரொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தான். தனக்கு உரிய இரண்டையும் வைத்தான். சூப்பைத் தொடாமல் வெளியே போனான்.

நியாயத்தைத்தானே கேட்டோம் என்று அக்கா இருந்தாள். திங்கட்கிழமை அவன் வரவில்லை. "ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள். செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் ஒருவன் கையைச் சுட்டுவிட்டாள். தேடிப் போக ஃபாதரும் இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தார். கடைசியில், பழைய பேப்பர் பொறுக்கி விற்கும் பேப்பர்காரியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"அவன் எடுத்தது பேராசையில இல்லக்கா" என்றாள் பேப்பர்காரி. "சனிக்கிழமைன்னா எல்லாருந்தான் எடுப்போம். மறுநாள் இங்க பூட்டுதானே? நாங்க உங்க கண்ணுல படாம எடுப்போம். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தல."

ஞாயிறு ஆண்டவரின் நாள். அதனால் அடுப்புக்கு ஓய்வு. பதினோரு வருஷமாக அக்கா ஞாயிறுதோறும் பூசையில் ஆயனைப் பற்றித் தொண்டை கிழியப் பாடிவிட்டு, மகளோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள். அன்றைக்கு இந்த எண்பது பேரும் என்ன செய்வார்கள் என்று ஒருதரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தேடித் தேடிப் போன ஃபாதருக்கும் தோன்றவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகன்கூட உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

வியாழக்கிழமை சூப் கொதித்ததும் கரண்டியைப் பேப்பர்காரியிடம் நீட்டினாள்.

"நானா? ஐயோ, எல்லாரும் அள்ளிட்டுப் போயிடுவாங்கக்கா!"

"போனா போகட்டும். நான் அவனைப் பாத்துட்டு வரேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, தெருமுனைக்குள் மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள். பஸ் டிப்போவில் தேடினாள், ஆஸ்பத்திரி வாசலில் தேடினாள், பாலத்தடியில் தேடினாள். முட்டி விண் விண் என்று தெறித்தது. ஃபாதர் இத்தனை நாளும் போனது உலாத்துவதற்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியில் பழைய அச்சகத் தெருவில், இறக்கிய ஷட்டருக்கு முன்னால் படியில் தொப்பி உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"சாப்பிட வா தம்பி."

"பசிக்கலக்கா."

"எனக்குப் பசிக்குது. உன்னைத் தேடி அலைஞ்சு கால் ரெண்டும் விட்டுப்போச்சு." முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. ஞாயித்துக்கிழமையைப் பத்தி நான் நெனச்சே பாக்கல."

அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இதோ பாரு, படத்துல இருக்கற மாதிரி தோள்ல தூக்கிட்டுப் போவேன்னு நெனச்சுடாத. முட்டி வலி. நீதான் என்னைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

தொப்பி வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எழுந்து கையை நீட்டினான்.

கூடத்துக்குள் நுழையும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வழக்கமாக ஈ காக்கை இருக்காது. இன்று பாதிப் பேருக்கு மேல் போகாமல் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பகீரென்றது. சாப்பிட வா என்று கூட்டி வந்தாயிற்று, கொடுக்க ஒன்றுமில்லை.

பேப்பர்காரி கடைசி மேஜையைக் காட்டினாள். அங்கே இரண்டு கிண்ணம், தட்டுப் போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் நாலு ரொட்டி.

"ஆளுக்கு ஒரு வாய் குறைச்சு ஊத்தினேன். யாரும் மொணமொணக்கல" என்றாள்.

"இன்னொரு கிண்ணம் யாருக்கு?"

"வேற யாருக்கு? நீங்க இங்க உக்காந்து சாப்பிட்டு நாங்க ஒருநாளும் பாத்ததில்லக்கா."

அக்கா உட்கார்ந்தாள். எண்ணிக்கொண்டிருந்தவளையும் யாரோ எண்ணியிருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும் கூச்சமில்லாமல் அழுதாள். சூப் ஆறிப்போயிருந்தது, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். எதிரே தொப்பி ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு, மற்றதைப் பழக்கதோஷத்தில் சட்டைக்குள் கொண்டுபோய், அவளைப் பார்த்ததும் அப்படியே நிறுத்தினான்.

"தின்னுடு" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை பன்னிரண்டரைக்கு வா. எல்லாரும் வாங்க."

"பூட்டியிருக்குமே அக்கா."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எங்கிட்டதானே இருந்துச்சு" என்றாள்.