சம்பந்தி பேருக்குப் போன என் யோசனை

மண்ணூர்பேட்டையில் தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை லேத் மெஷினோடு ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு அதே இடத்தில் கம்ப்யூட்டர் வைத்த மெஷின்கள் ஓடுகின்றன. அம்பத்தூரில் தண்ணீர் வந்து நிற்கிற பள்ளமான மனை, வாங்காதே என்று எல்லாரும் தடுத்த மனை, அதை வாங்கி மண் கொட்டி மேடாக்கி இரண்டு மாடி எழுப்பினேன். மழையில் தெருவே மூழ்கினபோது என் வாசற்படி நனையவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மகனை என்ஜினியர் ஆக்கினேன். கொரோனா வந்து வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது மொட்டை மாடியில் ஓர் அறை கட்டி, ஏசி, இன்வெர்ட்டர், இரண்டு மேஜை போட்டுக் கொடுத்ததும் நான்தான். மகனும் மருமகளும் ஒரே கம்பெனி. இருவருக்கும் பதவி உயர்வு வந்தது அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான். இதையெல்லாம் சொல்ல வேறு ஆள் இல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் சம்பந்தி, மருமகளின் அப்பா, பாங்கிலிருந்து ரிட்டையர் ஆனவர். சோழிங்கநல்லூரில் பன்னிரண்டாவது மாடியில் ஃபிளாட். அவர் பால்கனியில் நின்றால் என் மகனுடைய ஆபீஸ் தெரியும். வருகிறவர்களை எல்லாம் அழைத்துப் போய் அதைக் காட்டுவார், ஏதோ அவரே கட்டினது போல. நல்ல மனுஷன்தான். குரலை உயர்த்த மாட்டார். எனக்கு அதுதான் ஆகாது. நான் தொண்டை வறளப் பேசி முடித்த பிறகு அவர் ஒரு வார்த்தை சொல்வார், எல்லாரும் அவர் பக்கம் திரும்புவார்கள். பேத்தி அங்கே போய் வந்தால் வாரக்கணக்கில் நீச்சல் குளத்தைப் பற்றியே பேசுவாள். நானும் மாடியில் ஒரு ரப்பர் தொட்டி வாங்கி வைத்தேன். ஒரு தடவை இறங்கினாள். இதில் நீந்த முடியாது தாத்தா என்று ஏறிவிட்டாள்.

அப்புறம் ஆபீசுக்குத் திரும்பி வர வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. ஒரு மெயில் வாரத்தில் மூன்று நாள் என்றது. மேனேஜர் இப்போதைக்கு இரண்டு போதும் என்றார். வராதவர்களுக்கு இன்கிரிமென்ட் கிடையாது என்று அப்புறம் ஒரு வதந்தி. லீவு எடுத்த நாள் கணக்கில் சேருமா, பண்டிகை வந்தால் அந்த வாரம் குறையுமா, ஒருவருக்கும் தெரியாது. சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சு. ஆபீஸ் இருக்கிற சோழிங்கநல்லூர் ஊருக்கு மறு கோடி; அம்பத்தூரிலிருந்து கிளம்பி பாடி மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். எங்களோடு வந்து இருந்துவிடுங்கள், நடந்தே ஆபீஸ் போகலாம் என்று சம்பந்தி கூப்பிட்டுவிட்டார். பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற நேரம் அது. ஆபீஸ் விதி உறுதியானால் பள்ளிக்கூடமும் அங்கே, வீடும் அங்கே என்று மருமகள் சொல்லிவிட்டாள். போனால் திரும்பி வர மாட்டார்கள். தினமும் காலையில் பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போவாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பட்டறைக்குப் போகிற வழியில், தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள்ளே ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. மகனுடைய கழுத்துப் பட்டையில் இருக்கிற அதே முத்திரை அதன் நெற்றியிலும் இருக்கும். ஒரு நாள் அவனைக் கேட்டேன்.

"இங்கயே உங்க ஆபீஸ் ஒண்ணு கீதே, அங்க போய் குந்திக்கினா இன்னா?"

"அது வேற டிபார்ட்மென்ட், நைனா. அங்க கார்டு வெச்சா கணக்குல வராது."

"யாரு சொன்னா?"

கொஞ்சம் யோசித்தான். "யாரும் சொல்லல. எல்லாரும் அப்படித்தான் நெனச்சிக்கினு கீறாங்க."

"கேட்டுப் பாரேன்."

"கேட்டா, இவன் வர்றதுக்கு மனசில்லாம வழி தேடுறான்னு முத்திரை குத்திடுவாங்க."

அவர்கள் கம்பெனி வழக்கமே அப்படித்தானாம். கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் பட்டறையில் ஷிப்ட் மாறினால் டீ வருவதற்குள் நாலு பேர் என் முகத்துக்கு நேரே வந்து நிற்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, ஏறு என்றேன். மாட்டேன் என்றான். ஏறுகிறவரை ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததும், மானம் போகிறதே என்று ஏறி உட்கார்ந்தான். அந்தக் கட்டடத்தின் கேட்டில் செக்யூரிட்டி என்னை வெளியிலேயே நிறுத்திவிட்டார். மகன் கார்டை வைத்தான். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. உள்ளே போகுமுன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்காக நான் இன்னொரு மாடி கட்டித் தருவேன்.

அன்று சாயங்காலம் அவன் போனில் பார்த்தால், ஆபீசுக்கு வந்ததாகவே பதிவாகியிருந்தது. அந்தத் தைரியத்தில் மேனேஜரைக் கேட்டுவிட்டான். மறு அறிவிப்பு வரும்வரை அங்கேயே உட்காரலாம் என்று பதில் வந்தது. மருமகளும் அங்கேயே போக ஆரம்பித்தாள். பேத்தியை அம்பத்தூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம்.

பேத்தியின் பிறந்த நாள் விருந்து சம்பந்தி வீட்டில் நடந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் தொல்லை எப்படித் தீர்ந்தது என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் சம்பந்தி சொன்னார், "நான் ஆரம்பத்துலயே மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன், பக்கத்துல வேற பிராஞ்ச் இருக்கான்னு பாருங்கன்னு."

"ஆமா, அப்பா அப்பவே சொன்னார்" என்றாள் மருமகள்.

சொல்லியிருக்கலாம். போனில் பேசும்போது ஒரு வார்த்தை அவரும் சொல்லியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டியைக் கிளப்பினது யார்? என் மகன் தலையைத் தூக்காமல் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "பேத்தி நம்ம ஊட்லதான கீறா. அவரு சொல்லிக்கினு போறாரு, உனக்கு இன்னா கொறஞ்சி பூட்ச்சி?" பாடி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

போன வாரம் புதிதாக ஒரு மெயில். அவரவர் எந்தக் கட்டடத்தைச் சேர்ந்தவரோ அங்கேதான் வர வேண்டும் என்று யோசிக்கிறார்களாம், முடிவு பிறகு சொல்வார்களாம். மருமகள் ஸ்பீக்கரில் போட்டுத் தன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் இருப்பது அவருக்குத் தெரியாது.

"அது உங்க மாமா யோசனைதானேம்மா" என்றார் சம்பந்தி. "கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்."

அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

சரி, அவசரப்பட்டவன் நானாகவே இருக்கட்டும். விதி மாறி நாளைக்கே அவர்கள் மூட்டை கட்ட வேண்டி வந்தால், அதற்கும் என் பேரையே போடுங்கள். வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால், பேத்தி இன்றைக்கு அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவதும் என் பேரில்தான் வர வேண்டும். இதை என் மகன் தனியாக மாடிக்கு வந்து என்னிடம் சொல்வது செல்லாது. அதே மேஜையில், அதே சொந்தக்காரர்கள் முன்னால், சம்பந்தி காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும்: என்னைக் கொண்டுபோய் அந்த கேட்டில் இறக்கிவிட்டது எங்க நைனாதான் என்று.