மாடியில் கடிக்காத கொசு

என் மகளைக் கொசு கடித்தால் அவள் என்னிடம் வரமாட்டாள். மாடிக்கு ஓடுவாள். மாடியில் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி இருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் ஒரே வீடு. கீழே நாங்கள், மேலே அவர்கள். மன்னார்புரத்தில் வேலை முடிந்து, பஸ் பிடித்து நான் வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். அதுவரை ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியம்மாதான் எல்லாம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் வந்த பிறகும் அவர்தானா?

பிள்ளைக்கு என் தோல். ஒரு கடி போதும், தடித்துச் சிவந்துவிடும். சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள். நான் வாங்காத சாமான் உண்டா? க்ரீம், வேப்பெண்ணெய், கட்டிலுக்கு வலை, பிளக்கில் செருகும் லிக்விட், பட்பட்டென்று கொசு வெடிக்கும் பேட். பெரியம்மா செய்வது இவ்வளவுதான்: கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், கைக்குட்டையில் ஐஸ் கட்டியைச் சுற்றி வைப்பார், நகத்தை ஒட்ட வெட்டிவிடுவார். அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். நானும் ஒரு நாள் அதே மாதிரி ஐஸ் வைத்தேன்.

"நீ அமுக்கறேம்மா. பெரியம்மா சும்மா வெப்பாங்க," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நானா, அவரா?

அதோடு, மாடியிலேயே தூங்குவேன் என்று வேறு அடம். "மேல கொசுவே இல்லம்மா." இல்லாமல் எங்கே போகும்? ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே சாக்கடை. ஓரகத்தி தன் வாசலில் பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருப்பார். வருகிறவர்கள் எல்லாம் ஆஹா ஓஹோ என்பார்கள். கொசு அதில்தான் முட்டையிடுகிறது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அதை மட்டும் காட்டிவிட்டால் போதும், பிள்ளை என்னோடு கீழேயே தூங்கும்.

ஒரு சனிக்கிழமை, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க மாநகராட்சியிலிருந்து ஒரு அம்மா டார்ச்சோடு வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"முதல்ல மேல பாருங்க. உருளியில நாள் கணக்கா தண்ணி நிக்குது."

நாள் கணக்காக என்பது என் சரக்கு. தெரிந்தேதான் சொன்னேன். பிள்ளையும் பார்க்கட்டும் என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

அந்த அம்மா டார்ச் அடித்தார். உருளியின் உட்புறத்தை விரலால் தடவினார். "தினமும் தேச்சுக் கழுவறீங்களா?"

"காலைல கோலம் போட்டதும் கழுவிடுவேங்க," என்றார் ஓரகத்தி.

பிறகு எல்லோரும் கீழே வந்தோம். தொட்டி, வாளி எல்லாம் சரி. அந்த அம்மா ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொன்னார். அதன் பின்னால், அடியில், தண்ணீர் வடிய ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அதை உருவி வெளியே எடுத்தார். அழுக்குத் தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

"ஐயே! அப்போ என்னைக் கடிச்சதெல்லாம் நம்ம வீட்டுக் கொசுவாம்மா?" என்று கத்தினாள் மகள்.

ஓரகத்தி குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். அவரோ, "விடும்மா. வேலைக்கும் போயிட்டு இதையெல்லாம் யாரு குனிஞ்சு பாக்கறது," என்றார். அதிலும் நல்ல பேர் அவருக்கே.

அன்றைக்குப் பிள்ளை தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். எந்த முகத்தோடு தடுப்பேன்?

மறுநாள் காலையில் இறங்கி வந்தவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினேன். கை, கால், கழுத்து, காதுக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடவில்லை. ஒரே ஒரு கடியாவது இருக்காதா என்று தேடினேன்.

"கடிச்சிருக்காம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி," என்றேன். அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை.