மூன்றாம் வகுப்பில் பேன் வந்த வாரம்

1. கதவைத் தட்டாமல் வந்த டீச்சர்

மூன்றாம் வகுப்பு டீச்சர் கிளினிக் கதவைத் தட்டாமல் திறந்தார். கையை முழு நீளத்துக்கு நீட்டி, அந்த முனையில் ஒரு சிறுமியைப் பிடித்திருந்தார். "சிஸ்டர், இவள் தலையில் ஏதோ நடக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். நான் போய்ப் பார்த்தேன். நடக்கத்தான் செய்தது.

இது துபாய்க்குப் பக்கத்து ஊரான அல் ஐனில், அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்திய ஒரு தனியார் பள்ளியில். வியாழனும் வெள்ளியும் வார லீவாக இருந்த காலம். நான் குளச்சல்காரி. சவூதியில் பிரசவ வார்டில் வேலை பார்த்து அலுத்துப்போய், நைட் டூட்டி இல்லாத வேலை வேண்டும் என்று ஸ்கூல் நர்சாகச் சேர்ந்திருந்தேன். முட்டிக் காயத்துக்கு மருந்து போடணும், கணக்குப் பரீட்சை அன்றைக்கு வருகிற வயிற்றுவலியைப் பார்க்கணும், அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன். பேன் ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைக்கும் என்று நர்சிங் காலேஜில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான், ஸ்கூல் நர்சாகப் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன்.

சிறுமியின் பெயர் சுமையா. இடுப்பு வரை பின்னல், நல்ல தேங்காயெண்ணெய் மணம். அப்பா ஜமால் பாய் காயல்பட்டினத்துக்காரர், மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பிள்ளை அழவில்லை. கிளாஸில் எல்லாரும் பெஞ்சை நகர்த்திக்கொண்டதை மட்டும் சொன்னாள். என் நாற்காலியில் உட்கார வைத்தபோது, "இதையும் கழுவணுமா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கழுவ வேண்டாம் என்று சொல்லி, பேன் சீப்பை எடுத்தேன்.

2. அம்மாமார் வந்தார்கள்

பள்ளி விடுவதற்குள் எஸ்.எம்.எஸ். ஊரைச் சுற்றிவிட்டது. மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் அம்மாமார் கூட்டம். முன்னால் நின்றவர் மிஸஸ் ரவி. சென்னைக்காரர், டாக்டர் வீட்டு அம்மா, பேரண்ட்ஸ் கமிட்டியில் பெரிய ஆள். அவர் மகளும் மூன்றாம் வகுப்புதான். மற்றவர்களுக்காக ஆங்கிலத்தில் பேசிவிட்டு, என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார்: "நீங்களே சொல்லுங்க சிஸ்டர். இப்படி எண்ணெய வழிய வழியத் தேச்சுப் பின்னினா பேன் வராம என்ன செய்யும்?"

பேன் எண்ணெயும் பார்க்காது, ஷாம்பூவும் பார்க்காது, பக்கத்தில் தலை இருக்கிறதா என்றுதான் பார்க்கும் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை. டெர்ம் முடியும்வரை அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரக்கூடாது, வந்தால் எங்கள் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பள்ளி மேனேஜருக்குச் சண்டை என்றால் ஆகாது. அவரே ஜமால் பாய்க்கு போன் போட்டு, மகளைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி, கலாஸ், முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அன்று மத்தியானம் ஜமால் பாய் கடையைப் பூட்டிவிட்டு கிளினிக்குக்கு வந்தார். உட்காரவில்லை. மகளுக்கு இந்தப் பள்ளியில் சீட் வாங்க அவர் எத்தனை தடவை நடந்தார் என்பது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும்.

"மொட்டை அடிச்சிட்டா விடுவாங்களா சிஸ்டர்?" என்றார். "அவ உம்மா பொறந்ததுலேர்ந்து வளக்குற முடி. இருந்தாலும் பரவாயில்ல. நீங்க சொல்லுங்க, இப்பமே அடிச்சிர்றேன்."

கத்திரிக்கோலைத் தொடவே கூடாது என்று சொல்லி, லோஷன் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பள்ளிக்கு எப்போது வரலாம் என்று கேட்டார். நேரே பிரின்சிபால் அறைக்குப் போனேன்.

3. மிஸ் டார்லீனின் டிஸ்ட்ரிக்ட்

பிரின்சிபால் மிஸ் டார்லீன் அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்துக்காரர். அந்த வருஷம்தான் வந்திருந்தார். முதல் அறிமுகத்தில், பாதி வாழ்க்கை டிஸ்ட்ரிக்டில்தான் கழிந்தது என்றார். நான் ஏதோ கலெக்டர் ஆபீஸில் இருந்தவர் என்று நினைத்து ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டேன். பிறகுதான் விளங்கியது. அவர்கள் ஊரில் அரசுப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் டிஸ்ட்ரிக்ட். அதை நடத்த ஒரு போர்டு. ஊர்க்காரர்களே ஓட்டுப்போட்டு அதற்கு ஆள் அனுப்புகிறார்கள்.

மேனேஜர் போன் போட்டது அவருக்குத் தெரியாது. கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. பிறகு நிதானமாக ஒரே கேள்வி கேட்டார்: இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது?

தெரியாது, ஒரு தலையைத்தான் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"அப்படியானால் எல்லாத் தலையையும் பாருங்கள். டீச்சர்களையும் சேர்த்து. என்னிடமிருந்து ஆரம்பியுங்கள்" என்று கிளினிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

முன்மாதிரி காட்டுவதற்காகத்தான் உட்கார்ந்தார். நானும் பேருக்குத்தான் முடியை விலக்கினேன். குட்டையான, வெளுத்த முடி. காதுக்குப் பின்னால் வரிசையாக ஈரு. கொஞ்சம் மேலே, அதைப் போட்டவளே நின்றுகொண்டிருந்தாள். மிஸ் டார்லீன் அடிக்கடி மூன்றாம் வகுப்பில் தரையில் உட்கார்ந்து கதை வாசிப்பார். பிள்ளைகள் அவர் தோளில் தொங்கிக்கொண்டு படம் பார்ப்பார்கள். பேனுக்கு வேறென்ன வேண்டும்?

பிரின்சிபாலிடம் இதை எப்படிச் சொல்வது? சீப்பு நின்றுபோனதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

கண்டிஷனர் தடவிச் சீவி எடுக்க வெகுநேரம் ஆனது. தலையைக் குனிந்தபடியே ஊர்க் கதை சொன்னார். டயர் பேக்டரி மூடியதும் அவர்கள் ஊரில் வரிப்பணம் குறைந்ததாம். போர்டு முதலில் கைவைத்தது நர்சுகள் மேல்தானாம். ஐந்து பள்ளிக்கு ஒரு நர்ஸ், இவர் பள்ளிக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். "பிள்ளைகள் செவ்வாய்க்கிழமைதான் விழுவார்களா?" என்று போர்டு மீட்டிங்கில் எழுந்து கேட்டாராம். எல்லாரும் கைதட்டினார்களாம். அடுத்த வருஷம் அவருடைய பள்ளியையே மூடிவிட்டார்களாம்.

"மூடினாலும், என் முகத்தைப் பார்த்துத்தான் மூடினார்கள்" என்றார். அங்கே மீட்டிங் ஜிம்மில் நடக்கும், நடுவில் ஒரு மைக் இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். போனில் ஒரு பிள்ளையை நிறுத்துகிற வழக்கம் அங்கே இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

4. மைக்

மறுநாளே மூன்றாம் வகுப்பு முழுவதையும் பார்த்தேன். கிட்டத்தட்ட பாதி வகுப்புக்கு இருந்தது. யார் யார் என்று நான் எவரிடமும் சொல்லவில்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்துக் குறிப்புத்தான் போனது. புதன்கிழமை சாயங்காலம் ஹாலில் பெற்றோர் மீட்டிங், மிஸ் டார்லீன் கூட்டியது. நடுவில் ஒரு மைக். மேனேஜர் அந்த மைக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸஸ் ரவி முதலில் பேசினார். நன்றாகவே பேசினார், பெயர் மட்டும் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் கடைசி வரிசைக்குப் போனது. ஜமால் பாய் அங்கே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

மிஸ் டார்லீன் மேடைக்குப் போகாமல், எல்லாரையும்போல் அதே மைக்குக்கு வந்தார். பேன் வந்தவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஆரம்பித்தார். முன்வரிசை தலையாட்டியது.

"ஆனால் அப்போது நானும் வரமுடியாது. எனக்கும் இருந்தது. சிஸ்டர்தான் எடுத்துவிட்டார்கள்."

எங்கோ ஒருவர் சிரித்தார், அது மெல்லப் பரவியது. முதல் வரிசையில் ஒரு அம்மா தன்னையறியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். அடுத்த நாற்காலிக்காரரும் சொறிந்தார். பேச்சைக் கேட்டாலே அரிக்கும், எனக்கும் அரித்தது.

சிரிப்பு அடங்கியபோது ஜமால் பாய் மைக்கருகே நின்றுகொண்டிருந்தார். தொப்பியைப் போட்டிருந்தார். கடைக்காரருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "என் மகள் சனிக்கிழமை வருவாள்" என்றார். அவ்வளவுதான்.

"காத்திருப்போம்" என்றார் மிஸ் டார்லீன்.

5. சனிக்கிழமை

சுமையா வந்தாள், பின்னலோடு. பெஞ்சை யாரும் நகர்த்தவில்லை. பாதிப் பேர் வீட்டில் சீப்போடு வியாழன், வெள்ளியைக் கழித்தவர்கள், அவர்கள் எந்த முகத்தோடு நகர்த்துவார்கள்?

பள்ளி விட்ட பிறகு கிளினிக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. மிஸஸ் ரவி. தனியாக வந்திருந்தார், தலையில் ஒரு ஸ்கார்ப். கதவைச் சாத்தலாமா என்று கேட்டுவிட்டுச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்கார்ப்பை அவிழ்த்து, என் முகத்தைப் பார்க்காமல் குனிந்தார். நான் சீப்பை எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணுக்கு இப்ப சரியாயிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டார்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். பார்ப்பதென்றால் எல்லாத் தலையையும் பாருங்கள். பார்த்ததை அங்கேயே மறந்துவிடுங்கள்.

"எந்தப் பொண்ணும்மா?" என்றேன். "இன்னும் கொஞ்சம் குனிங்க."